கட்டடம் இருக்கிறது, ஆள் எங்கே?

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமம் அழிகிறது என்ற பேச்சு நமக்குப் பழகிப்போனது. மேடையில் அதைப் பேசுகிறவர் பெரும்பாலும் களத்துமேட்டையும் கிணற்றடியையும் நினைத்து ஏங்குகிறார். கேட்கிறவர்களும் சற்று ஏங்கிவிட்டு வீடு திரும்புகிறார்கள். இன்று அந்த ஏக்கத்தை விலக்கி வைத்துவிட்டு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்கள் வறுமையால் அழிகின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள், சங்ககிரியின் லாரிகள், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள், ஜலகண்டாபுரம் தொடங்கிக் குமாரபாளையம் வரை இரவு பகலாக ஓடும் விசைத்தறிகள் என்று இந்த மண்ணில் தொழிலுக்குக் குறைவில்லை. ஓட்டு வீடுகள் இருந்த தெருக்களில் இன்று மச்சு வீடுகள் நிற்கின்றன. ஆனால் அதே ஊரில் தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறைந்துகொண்டே போகின்றன. நூலகம் பூட்டிக் கிடக்கிறது. செவிலியர் குடியிருப்பின் கூரை பெயர்ந்து விழுந்திருக்கிறது. ராத்திரி பஸ் நின்றுபோய்விட்டது. பணம் வந்து சேர்ந்த ஊரை விட்டு வசதி ஏன் போனது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் கம்பி வழியாகவும் குழாய் வழியாகவும் தார்ச்சாலை வழியாகவும் வரக்கூடியதெல்லாம் நம் ஊர்களுக்கு வந்துவிட்டது. அங்கேயே தங்கி, முகம் தெரிந்து, கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஆள் போய்விட்டார். பள்ளி, நூலகம், சுகாதார நிலையம், கிராம நிர்வாக அலுவலகம் ஆகியவற்றைக் கட்டடங்களாக எண்ணிப் பார்த்தால் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு ஈடு இந்தியாவில் அரிது. அங்கே இருக்க வேண்டிய மனிதர்களாக எண்ணிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் நகர மக்கள் 48.4 சதவீதம். அதைச் சொல்லிப் பெருமைப்படும்போது, மீதி 3 கோடியே 72 லட்சம் பேர் கிராமங்களில் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். பெரும்பாலான நாடுகளின் மொத்த மக்கள்தொகையே அவ்வளவு கிடையாது.

முதலில் வருவாய்த் துறையைப் பார்ப்போம். பரம்பரையாக ஊரை ஆண்ட கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980-ல் ஒழித்தது. செய்யவேண்டிய காரியம்தான். நிலமும் கணக்கும் அதிகாரமும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த முறை அது. அவர்களுக்குப் பதிலாகத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவர் பொறுப்புக் கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எத்தனை ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது? ஒருவரே இரண்டு, மூன்று கிராமங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். குடும்பம் நகரத்தில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழுக்கோ பட்டா மாறுதலுக்கோ அலையும் விவசாயி, அவர் எந்த நாளில் எந்த ஊரில் உட்காருகிறார் என்பதைப் போனில் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார். பரம்பரை ஆதிக்கத்தை ஒழித்தோம், நல்லது. ஊரிலேயே ஓர் ஆள் இருப்பார் என்ற ஏற்பாட்டையும் அதோடு சேர்த்து இழந்தோம். அதை இழக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் ஆழமானது. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தைக் காமராசர் 1954-ல் கைவிட்டார். நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி என்ற கொள்கையோடு ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-ல் மதிய உணவு வந்தது. அந்தத் தலைமுறையின் ஆசிரியர் பலர் ஊரிலேயே வாடகைக்கு வீடு பிடித்துத் தங்கினார்கள். மனு எழுதித் தருவதும், மணியார்டர் படிவம் நிரப்புவதும், சில ஊர்களில் கிளை அஞ்சலகத்தைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். இன்று ஆசிரியரின் படிப்பும் சம்பளமும் அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு உயர்ந்திருக்கின்றன. அது நியாயமான உயர்வு. ஆனால் மாலை நாலேகால் மணிக்கு மேல் அவர் ஊரில் இல்லை. அவருடைய பிள்ளையும் அந்தப் பள்ளியில் இல்லை. ஊரில் வசதி படைத்தவர் இதைக் கவனிக்கிறார். தன் பிள்ளையையும் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏற்றி அனுப்புகிறார். அடுத்து அவரைப் பார்த்து நடுத்தர வீட்டுக்காரர், அவரைப் பார்த்துக் கூலி வேலைக்காரர். கடைசியில், வேன் கட்டணத்துக்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். பிறகு ஓர் அதிகாரி வந்து தலைகளை எண்ணுகிறார். 2019-ல் மாணவரே இல்லாத 46 அரசுப் பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகங்களாக மாற்ற அரசு முடிவெடுத்தது. அவற்றில் பிள்ளைகள் ஒரே நாளில் காணாமல் போய்விடவில்லை. படிப்படியாக வெளியேறினார்கள், ஒவ்வொரு படியிலும் அரசுக்கு அது தெரிந்தே இருந்தது. போதாக்குறைக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டின்படி தனியார் பள்ளியில் சேரும் பிள்ளைக்கு அரசே கட்டணம் செலுத்துகிறது. அந்த ஏழைக் குழந்தைக்குக் கிடைத்த வாய்ப்பை நான் குறை சொல்லவில்லை. தன் பள்ளியைக் காலி செய்ய ஓர் அரசு தானே பணம் கட்டுகிறது, அப்புறம் பள்ளி காலியாகிவிட்டது என்று சொல்லி மூடவும் செய்கிறது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

நூலகத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு வருத்தம் கூடுகிறது, ஏனென்றால் இதில் நாம்தான் முன்னோடி. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. அதன் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. இன்றும் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறார். 2006-ல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஐந்து ஆண்டுகளில் அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் கட்டுவதை இலக்காகக் கொண்டது. கட்டடம் வந்தது, இரும்பு அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. பொறுப்பாளராகப் பகுதி நேர ஆள் ஒருவரை, குடும்பம் நடத்தப் போதாத தொகுப்பூதியத்துக்கு அமர்த்தினார்கள். 2011-ல் ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயரும் போக்கும் மாறின. பிறகு நடந்ததை எந்த ஊருக்குப் போனாலும் பார்க்கலாம். கதவில் துருப்பிடித்த பூட்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், நூல்கட்டு அவிழ்க்காத புத்தகங்களின் மேல் ஒரு விரற்கடை தூசி. சில இடங்களில் உள்ளே ஊராட்சியின் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உடைந்த தெருவிளக்கும். இதே சேலத்தில் 1944-ல் திராவிடர் கழகம் உருவானது. அந்த இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தமிழ்நாடு முழுக்கத் தென்னங்கீற்றுக் கொட்டகைகளில் படிப்பகம் நடத்தின. அவற்றுக்கு நல்ல கட்டடம் கிடையாது. ஆனால் காலையில் பேப்பர் வந்ததும் கதவைத் திறக்க ஓர் ஆள் இருந்தார், படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்ட இன்னொருவர் இருந்தார்.

கேரளத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே பி.என். பணிக்கர் 1945-ல் தொடங்கிய நூலக இயக்கத்தில் ஊர்க்காரர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள், நிர்வாகக் குழுவையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அரசு மானியம் மட்டும் தந்தது. ஆயிரக்கணக்கான ஊர் நூலகங்கள் இன்றும் அங்கே மாலை நேரத்தில் திறந்திருக்கின்றன. நம்மிடம் சட்டம் முதலில் வந்தது, வரியும் வசூலானது. நூலகம் துறையின் சொத்தாக இருந்ததே தவிர ஊரின் சொத்தாகவில்லை.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஊர்களுக்கு இரவு தங்கல் பஸ் என்று ஒன்று உண்டு. ராத்திரி ஒன்பது, ஒன்பதரைக்கு ஊர் வந்து சேரும். டிரைவரும் கண்டக்டரும் மாரியம்மன் கோயில் திண்ணையிலோ ஊராட்சி அலுவலக வராண்டாவிலோ படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு, உழவர் சந்தைக்குப் போகும் கத்தரிக்காய் மூட்டை, பூக்கூடை, ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளி, டியூஷனுக்குப் போகும் மாணவி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். ஊரே அந்த பஸ்ஸை வைத்துத்தான் நேரம் பார்த்தது. நஷ்டக் கணக்கிலும் ஆள் பற்றாக்குறையிலும் கொரோனாக் காலத்து நிறுத்தத்திலும் இப்படிப்பட்ட எத்தனையோ நடைகள் போய்விட்டன. மீண்டும் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பது திங்கட்கிழமை தவறாமல் நடக்கிற காரியமாகிவிட்டது. எல்லோரிடமும் வண்டி இருக்கிறதே, பஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒரு வண்டி, அது வேலைக்குப் போகும் ஆணின் கையில். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததும், அதுவரை கணக்கில் வராத பயணிகள் எவ்வளவு பேர் என்பது தெரிந்தது. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று வந்தது. பஸ்ஸுக்குத் தேவை எப்போதுமே இருந்தது. காசு கொடுக்க முடியாததால் அந்தத் தேவை எந்தக் கணக்கிலும் பதிவாகவில்லை.

இனி மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லாமே போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஊரில் நிலைத்துவிட்ட சேவைகளும் உண்டு, அவை ஏன் நிலைத்தன என்பதில்தான் என் வாதத்தின் வலு இருக்கிறது. 1982-ல் சத்துணவுத் திட்டம் விரிவானபோது சமையலரும் உதவியாளரும் அந்தந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ வசிக்கும் பெண்களாக எடுக்கப்பட்டார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பள்ளி நாளில் அடுப்பு எரிகிறது. அங்கன்வாடியும் அப்படியே. 1989-ல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், அதாவது 1965 வரை நம் சேலம் மாவட்டமாக இருந்த மண்ணில், மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று காலை உணவுத் திட்டத்தில் சமைப்பது அந்தக் குழுப் பெண்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகிற தன்னார்வலர்களும் அந்தக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் கேட்வால்வைத் திறக்கிற அவருக்கு, மேட்டுத்தெருவின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் ஏற எவ்வளவு நேரம் ஆகும், எந்தத் தெருவில் யார் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார் என்பதெல்லாம் தெரியும். தண்ணீர் வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். சம்பளம் குறைவு, பணிப் பாதுகாப்பு குறைவு, ஆனாலும் சேவை நிற்கவில்லை. அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஊரை விட்டு வெளியே வசிக்கிறார், ஊரைத் தாங்குகிறவர் மிகக் குறைந்த கூலி வாங்குகிறார். இந்த நிலை நமக்கு வெட்கம் தர வேண்டும்.

என் வாதத்துக்கு எழும் ஆட்சேபங்களில் மிகக் கனமானது அம்பேத்கருடையது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான சொற்கள் இன்றும் செல்லும். கிராமத்திலிருந்து வெளியேறுவதே விடுதலை என்று ஒரு தலித் இளைஞன் நினைத்தால் அவனைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளூர் ஆளை நியமித்தால் சாதி உள்ளே வரும் என்பதும் உண்மை. 2018-ல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் எதிர்த்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. ஆனால் இந்த நிகழ்ச்சியை முழுதாகப் பாருங்கள். அந்த ஊரில் அரசின் சமையலறை ஒன்று இருந்ததால்தான் அவருக்கு அங்கே நிற்க உரிமை இருந்தது, உரிமை மறுக்கப்பட்டபோது வழக்கும் வந்தது. பொதுப் பள்ளி, பொது பஸ், நியாயவிலைக் கடை, அரசு சுகாதார நிலையம் இவற்றில்தான் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இவற்றை எடுத்துவிட்டால் ஊரில் மிஞ்சுவது நிலக்காரர், வட்டிக்காரர், சாதிச் சங்கம். வெளியேற வசதியுள்ளவர் வெளியேறிவிடுவார். வெளியேற முடியாதவர் மறுபடி நிலக்காரர், வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டியிருக்கும். ஆகவே ஊர் வசதிகள் குறைவதால் முதலில் அடிபடுவது காலனிதான். பழைய கிராமத்தை மீட்க நான் வாதாடவில்லை. பழைய கிராமத்தை உடைத்த பொது நிறுவனங்களைக் காப்பாற்றவே வாதாடுகிறேன்.

சிக்கனம் இன்னோர் ஆட்சேபம். பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் எதற்கு, நாலு பள்ளிகளைச் சேர்த்து ஒரு நல்ல பள்ளியாக்கலாமே என்கிறார்கள். மேல்வகுப்புகளுக்கு இந்த வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுக்கூடமும் பாட ஆசிரியரும் வேண்டும், பிள்ளையும் பஸ் ஏறும் வயதுக்கு வந்திருக்கும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பொருந்தாது. பள்ளியை மூடுவதால் செலவு மறைந்துவிடுவதில்லை, அரசின் கணக்கிலிருந்து பெற்றோர் கணக்குக்கு மாறுகிறது. வேன் கட்டணம், கூலி இழந்து கொண்டுபோய் விடும் தாயின் நேரம், பாதியில் நின்றுபோகும் பெண் குழந்தையின் படிப்பு இவை எந்த வரவுசெலவு அறிக்கையிலும் வருவதில்லை. தவிர, ஊரில் ஆளே குறைகிறார்கள் என்ற கணக்கும் நம் பகுதியில் முழு உண்மையல்ல. கோழிப்பண்ணைகளிலும் ஜவ்வரிசி ஆலைகளிலும் தறிப்பட்டறைகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் இந்த மண்ணில்தான் வளர்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் காலி இடம் இருக்கிறது, அந்தப் பிள்ளைகள் பண்ணை வாசலில் விளையாடுகிறார்கள். அவர்களைத் தேடிப்போய்ச் சேர்க்க ஊரிலேயே ஓர் ஆள் வேண்டும். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

எல்லாம் இ-சேவை மூலம் கைப்பேசியில் முடிந்துவிடும் என்பாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டியின் கைரேகை இயந்திரத்தில் பதியாதபோது, அவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்பதற்குக் கைப்பேசியில் விடை இல்லை.

அப்படியானால் யார் தீர்மானிப்பது? அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. பதினோராவது அட்டவணை 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவையாகக் காட்டுகிறது. தொடக்கக் கல்வி, நூலகம், சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டு ஊராட்சித் தலைவருக்கு ஆசிரியர் வரவில்லை என்று கேட்க அதிகாரம் உண்டா? நூலகத்துக்கு ஆள் போட உண்டா? பஸ் நடையை மாற்றச் சொல்ல உண்டா? தெருவிளக்கும் சாக்கடையும் குடிநீரும் போக அவரிடம் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்கும் ஆள் இல்லாமல் செய்தோம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நம் மாவட்டங்களில் 2019 டிசம்பர் கடைசியில்தான் நடந்தது. இடையில் மூன்றாண்டுக்கும் மேல் தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரி 5-ல் மறுபடி பதவிக்காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். சட்டமன்றத்துக்கு இப்படி நடந்தால் நாடே கொந்தளிக்கும். ஊராட்சிக்கு நடந்தால் செய்தித்தாளின் உள்பக்கத்தில் வருகிறது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கு இணைப்பு என்ற இன்னொரு முடிவும் காத்திருக்கிறது. 2024-ல் நாமக்கல் மாநகராட்சியானபோது சுற்றியிருந்த ஊராட்சிகள் அதில் சேர்க்கப்பட்டன. வரி கூடும், நூறு நாள் வேலை போகும் என்று மக்கள் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் வெறும் வீண் அச்சம் என்று சொல்ல என்னால் முடியாது.

இவற்றையெல்லாம் ஏன் ஃபேர்லேண்ட்ஸில் வந்து சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சுற்றுவட்டாரத்து மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வரும் கிராமத்து நோயாளிகளால் நடக்கின்றன. இங்கும் அழகாபுரத்திலும் சுவர்ணபுரியிலும் குடியிருக்கும் ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி அதிகாரிகள், அலுவலர்களில் பலர் தினமும் காலையில் ஏதோ ஒரு கிராமத்துக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள். கிராமத்தை விட்டுப் போன ஆள் எங்கே என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராக இருந்து, 1917-ல் நகராட்சித் தலைவராகவும் ஆன ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்துக்குக் குடிபெயர்ந்து காந்தி ஆசிரமத்தை நடத்தினார். அவருடைய கல்வித் திட்டத்தை ஏற்காத நானும் அந்தக் குடிபெயர்வை மதிக்கிறேன். உங்களை அப்படிக் குடிபெயரச் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், வயதான பெற்றோரின் மருத்துவம் என்று ஆயிரம் காரணங்கள் உங்களுக்கு உண்டு. ஊரில் தங்கிப் பணிபுரிகிறவருக்கு நல்ல குடியிருப்பும் கூடுதல் படியும் தர வேண்டியது அரசின் கடமை, தனி மனிதரின் தியாகத்தில் ஓர் ஏற்பாடு நிற்கக் கூடாது.

உங்களிடம் கேட்பது இரண்டு காரியங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, அலுவலர்களே, நீங்கள் பணிபுரிந்த ஊருக்கோ பிறந்த ஊருக்கோ போய், பூட்டிக் கிடக்கும் அந்த நூலகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஊர்ப் பெண்கள் குழுவில் ஒருவரிடம் அந்தச் சாவியும் கௌரவமான ஊதியமும் போய்ச் சேரும்வரை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டே இருங்கள். அடுத்து, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அது கூடும் நாட்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூட வேண்டும். உங்கள் பெயர் ஏதாவது ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் அந்த ஊருக்குப் போய் உட்காருங்கள். பள்ளி, பஸ், நூலகம், செவிலியர் ஆகிய நான்கையும் பெயர் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.